போயிட்டு வா என்றால் வந்துவிடுகிறாள்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. அங்கே தாங்களும், வீட்டில் அனைவரும், தங்கள் டிரைவிங் ஸ்கூல் கார்கள் இரண்டும் முட்டல் மோதல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. இங்கே நலம் இல்லை. ஆவல் மட்டும்தான் இருக்கிறது.

விஷயம் தங்கள் மருமகளைப் பற்றியது. எட்டு வயதுகூட நிறையவில்லை. தங்கள் தங்கை காலை ஷிப்டுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து, "நான் தனியாத்தான் ஸ்கூலுக்குப் போவேன், நீங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒற்றைக் காலில் நிற்கிறவளை எப்படி மெயின் ரோட்டைக் கடக்க விடுவது? தங்கள் தங்கையோ, "ஒரு மாசம் விட்டுப் பாருங்க, சரிப்படலைன்னா நிறுத்திடலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வருகிற திங்களோடு அந்த மாதம் முடிகிறது. சரிப்படவில்லை மச்சான்.

முதல் நாள் வாசலில் நின்று "பாத்துப் போம்மா" என்றேன், உலகத்தில் எல்லாத் தகப்பனும் சொல்வதுதான். சாயங்காலம் வந்தவள், சிமெண்ட் லாரிக்கு ஒரு விளக்கு உடைந்திருப்பதையும், பால் வேன்காரர் ஓட்டிக்கொண்டே மூக்கைக் குடைவதையும், ஒரு காரின் பின் சீட்டில் நாய் தூங்குவதையும் வரிசையாக ஒப்பித்தாள். "இதெல்லாம் எப்பம்மா பார்த்த?" என்றால், "ரோட்டைத் தாண்டும்போதுப்பா. நீங்கதானே பாத்துப் போன்னு சொன்னீங்க? பார்த்தேன், போனேன்" என்கிறாள். ஊரார் புத்தகத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்து வயிறு வளர்க்கிறவன் நான், அச்சகத்தில் என்னைப் 'பிழை' என்றே கூப்பிடுகிறார்கள். என் வாக்கியத்திலேயே இவ்வளவு பெரிய பிழை.

மறுநாள் திருத்திச் சொன்னேன்: "வண்டி வந்தா நின்னுடணும்." நின்றாள், நடு ரோட்டில். பால் வேனும் நின்றது, அதன் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் ஹாரன். "யாரும்மா உன்னை இங்க நிக்கச் சொன்னது?" என்று வேன்காரர் கேட்க, விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னை இவள் விரல் நீட்டிக் காட்டினாள். அதன்பின் அவர் சொன்னவற்றை எந்த அச்சகத்திலும் அச்சுக் கோக்க மாட்டார்கள். சரி, சிக்னல் பக்கமாகப் போகட்டும் என்று, "பச்சை விழுந்தா போம்மா" என்றேன். "எந்தப் பச்சைப்பா? வண்டிக்குப் பச்சைன்னா நமக்குச் சிவப்புதானே?" என்றாள். நடக்கிறவர்களுக்கென்று அங்கே தனியாக ஒரு சின்ன விளக்கு இருப்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

தூரத்திலேயே தெரியட்டும் என்று, எதிர்வீட்டு ரோடு போடும் மேஸ்திரியிடம் பளபளவென்று மின்னும் மஞ்சள் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுவிட்டேன். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பார்த்த லாரிக்காரர் எல்லாம் இவளை ரோடு வேலை ஆள் என்று நினைத்து, "எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் நல்ல பிள்ளை, நம் சந்துப் பக்கம் கையைக் காட்டியிருக்கிறது. முட்டுச் சந்து. மூன்று லாரிகள் ரிவர்ஸ் எடுக்க மத்தியானம் ஆனது, மேஸ்திரி என்னோடு பேசுவதில்லை.

இவையெல்லாம் போகட்டும். என் தூக்கத்தைக் கெடுத்தது இனிமேல் வருவதுதான். இப்போது தினமும் முகத்தைக் குடையால் மறைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போகிறேன். அவள் ரோட்டைக் கடக்கிறாள், அந்தப் பக்கம் நிற்கிறாள், திரும்பிப் பார்க்கிறாள், மறுபடியும் இந்தப் பக்கம் வந்துவிடுகிறாள்! ஒரு கண்டத்துக்கு இரண்டு கண்டம். யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன்: வாசலில் நான் சொல்வது "போயிட்டு வா." போகிறாள், வந்துவிடுகிறாள். அதற்காக, பெற்ற பிள்ளை வெளியே கிளம்பும்போது வெறும் "போ" என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்? ஒருநாள் "போ"வை விழுங்கிவிட்டு "சரி, வா" என்று மட்டும் சொன்னேன். பையைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஏதோ திரும்பி வருகிறவளை நான் கையைப் பிடித்து, பத்திரமாகக் கடத்திவிடுவதால் பிழைத்துக்கொண்டிருக்கிறோம்.

நேற்று அதற்கும் வேட்டு. குடைக்குள் இருந்த எனக்குக் 'கிறீச்' என்று பிரேக் சத்தம் மட்டும்தான் கேட்டது. உயிர் போய் உயிர் வந்தது மச்சான். கார்க்காரன், "வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்துகிறான். பச்சைக் குழந்தையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஆமாம், சொல்லிவிட்டுத்தான் வந்தாள், என்னிடம்தான் சொன்னாள். ராத்திரி முழுக்க அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவளுக்கு ஒன்று என்றால் நான் இருக்க மாட்டேன். தயவுசெய்து தங்கள் தங்கைக்கு ஒரு வரி எழுதுங்கள், அவளைத் தனியாக அனுப்புவது போதும் என்று. அண்ணன் சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் சிரிக்கிறாள்.

வீட்டில் பசை தீர்ந்துவிட்டது. இதை அவளிடமே கொடுத்து, பள்ளியில் ஒட்டித் தபால் பெட்டியில் போடச் சொல்கிறேன். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கும் கெட்ட பழக்கம் அவளுக்குக் கிடையாது. பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, தங்கள் கார்களின் பிரேக்குகளுக்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
உயிரையும் குடையையும் ஒரே கையில் பிடித்திருக்கும்
தங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மாமா, இது நான். ரோட்டைத் தாண்டி ஸ்கூல் பக்கம் சிக்னல்ல நிக்கிறேன், இந்தச் சிவப்பு ரொம்ப நேரம் இருக்கும், அதான் எழுதறேன். ஒட்டலை, அதனால படிச்சிட்டேன். அந்த லாரி, நாய் எல்லாம் நின்னுக்கிட்டு இருக்கும்போது பார்த்தது, அப்பாகிட்ட சும்மா சொன்னேன். நடு ரோட்டுல நின்னது மட்டும் தப்பு, இப்ப அப்படி நிக்கிறதில்லை. நான் திரும்பி வர்றது போயிட்டு வான்னு சொன்னதுக்காக இல்லை. அப்பாவுக்குக் குடையில ரோடே தெரியாது. என்னை மட்டும் பார்த்துக்கிட்டே இறங்கிடுவாரு. நேத்து கார் பிரேக் போட்டது அப்பாவுக்கு. கார்க்காரர் கேட்டதும் அப்பாவைத்தான். நான் அழுதுட்டேன், அப்பாகிட்ட சொல்லாதீங்க. தினம் அவரைக் கூட்டிட்டு வந்து இந்தப் பக்கம் விட்டுட்டுப் போறதுல எனக்கு லேட் ஆகுது, டீச்சர் திட்டறாங்க. அம்மாவுக்கு எழுதாதீங்க மாமா, அப்பாவுக்கு எழுதுங்க, தனியா ரோட்டைத் தாண்டக் கத்துக்கச் சொல்லி. பச்சை விழுந்துடுச்சு. அந்தப் பக்கம் குடை தெரியுது. இருங்க, போய்க் கூட்டிட்டு வந்துடறேன்.