பூட்டிய கழிப்பறையும் பகல் பயணியரின் பெருந்திருப்தியும்

அநீதி இழைக்கப்பட்டவர் என் பெரியம்மா. இழைத்தது அருவிக்கரைச் சுற்றுலா அலுவலகம். நாட்டிலேயே மிகத் தூய்மையான கழிப்பறை என்று விருது வாங்கிய கட்டடத்தின் வாசலில், அவரைக் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்க வைத்தார்கள்.

காலையில் வந்து மாலையில் திரும்பும் பகல் பயணியருக்கு எது திருப்தி தருகிறது என்று அலுவலகம் ஆய்வு நடத்தியதாம். அருவி அல்ல, சுத்தமான கழிப்பறையே என்று முடிவு வந்ததாம். உடனே கட்டிவிட்டார்கள். பளிங்குத் தரை, தொட்டிச் செடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி. கதவில் பெரிய பூட்டு. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளத் தனி வரிசை.

"சார், சாவி வேணும்" என்றேன் மேலாளரிடம்.

"எதுக்கும்மா?"

"கழிப்பறைக்கு எதுக்குப் போவாங்க?"

"ஆள் போனா அழுக்காகும். அழுக்கானா பயணிகளோட திருப்தி குறையும். படிச்ச பொண்ணுதானே, யோசிச்சுப் பாரு."

"அப்போ என் பெரியம்மாவோட திருப்தி?"

"கண்ணாடி வழியா நல்லா பார்க்கச் சொல்லு. திறப்பு விழா முடிஞ்சதுலேர்ந்து உள்ளே ஒரு சொட்டுத் தண்ணி விழுந்ததில்ல!" அவர் குரல் பெருமையில் தழுதழுத்தது.

"தண்ணிங்கிற பேச்சையே எடுக்காதீங்க" என்று பெரியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். பின்னால் அருவி வேறு சளசளவென்று கொட்டிக்கொண்டிருந்தது, இரக்கமே இல்லாமல்.

நான் விடுவேனா? பயன்படுத்தும் பொருளுக்கும் பார்க்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை அடிப்படையிலிருந்து விளக்கத் தொடங்கினேன்.

"அடியே, நீ ஜெயிச்சுட்டு மெதுவா வா" என்றார் பெரியம்மா. "எதிர்ல பெட்ரோல் பங்க் இருக்கு. நான் போறேன்."

அருவி வளாகத்தை விட்டு வெளியேறும் வாசலில் இரண்டு பொத்தான்கள். பச்சை, திருப்தி; அழுத்தினால் கதவு திறக்கும். சிவப்பு, அதிருப்தி; அழுத்தினால் திறக்காது, குறைகேட்கும் அறைக்குப் போய்வர வேண்டும். அந்த அறை அருவிக்கு மேலே, படியேறி. பெரியம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். பச்சைப் பொத்தானில் ஒரே குத்து. துரத்திக்கொண்டு ஓடிய நானும் ஒரு குத்து.

மறுவாரம் தலைமை அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டேன். உயரதிகாரி பொறுமையாகக் கேட்டார். வாசல் கேமராவில் பதிவானதை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு பதில் சொன்னார்.

"நடந்து வந்து பச்சையை அழுத்தினா திருப்தி. ஓடி வந்து அழுத்தினா பெருந்திருப்தி. பாரும்மா, உங்க பெரியம்மா, நீ, உங்க பின்னாடி வந்த அத்தனை பேருமே ஓடித்தான் வந்திருக்கீங்க. இந்த ஆர்வத்தைப் பார்த்துத்தான் இன்னும் நாலு கழிப்பறைக்கு உத்தரவு போட்டிருக்கோம். பூட்டு வாங்கியாச்சு."