கூரைக்கு விசில் அடித்தவர்

நீடாமங்கலத்தில் எங்கள் தெருவில் ஹோல்டான் அனுமதியில்லாமல் ஒரு சக்கரமும் சுழன்றதில்லை. பஸ்ஸை நிறுத்த "ஹோல்டான்" என்று கத்தியே அந்தப் பெயர் வாங்கி, ஓய்வு பெற்ற கண்டக்டர். வேலையை விட்டாரே தவிர விசிலை விடவில்லை. தண்ணீர் லாரி ரிவர்ஸ் வந்தால் விசில். வைக்கோல் டிராக்டர் திரும்பினால் விசில். ஒருமுறை சவ ஊர்வலத்தையே ஓரங்கட்டி, எதிரே வந்த பால் வண்டியை அனுப்பிவிட்டுத்தான் "ரைட்" கொடுத்தார். இறந்தவரின் மகன் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கடையில் மட்டும் தெரிந்திருக்கலாம்.

போன ஐப்பசிக்கு முன்னால் எங்கள் ஓட்டு வீட்டின் கூரையைப் பிரித்தோம். ஒழுகல் தாங்கவில்லை. சாய்வான மரங்களின் மேல் பலகை, பலகை மேல் தார் ஷீட், அதற்கு மேல் ஓடு என்று ஏற்பாடு. கூரையில் நடப்பது மேஸ்திரிக்குக் கடைத்தெருவில் நடப்பது மாதிரி. ஹோல்டான் எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மேஸ்திரி, இடுப்புல கயிறு எங்க?"

"சின்ன வயசுலேர்ந்து ஏறுறேன் சார். கயிறு கட்டுனா கால்ல பின்னும்."

"படிக்கட்டுல தொங்குறவன் அத்தனை பேரும் இதத்தான் சொல்லுவான்."

கையாள் வராததால் ஷீட்டைப் பிடிக்க நான் ஏற வேண்டியதாயிற்று. என் இடுப்பில் கயிறு கட்டி, முகட்டுக்கு மேலே போட்டு, கொல்லைத் தென்னையில் ஹோல்டானே முடிச்சுப் போட்டார். தெரு முழுக்கப் பார்க்க, கட்டுத்தறி மாடு மாதிரி நின்றேன்.

கீழ் விளிம்பிலிருந்து வேலை தொடங்கியது. மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் ஒரு சாண் ஏறி விழவேண்டும், அப்போதுதான் தண்ணீர் உள்ளே இறங்காது. ஒவ்வொரு ஷீட்டுக்கும் கீழேயிருந்து கேள்வி வந்தது.

"ஓரம் அடிச்சாச்சா?"

"ஆச்சு சார்."

"நெருக்கமா அடிங்க. காத்து உங்கள கேட்டுட்டு வராது."

மதியத்துக்கு மேல் கிழக்கே கறுத்தது. ஓரிடத்தில் மக்கிய பலகைகளைக் கழற்றியிருந்தோம். புதுப் பலகை மரக்கடையிலிருந்து இன்னும் வரவில்லை. "மழை வந்துரும். இப்போதைக்கு மூடி வைப்போம்" என்று மேஸ்திரி அந்த ஓட்டையின் மேலும் ஷீட்டை விரித்தார். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு.

காற்று அடித்தது. ஆணி அடிக்காத முனை எழும்பிப் படபடத்தது. அதை அமுக்க ஓடினார் மேஸ்திரி. தூறல் பட்ட ஷீட்டில் கால் வழுக்கி, குப்புற விழுந்து, சரசரவென்று விளிம்புவரை சறுக்கினார். ஒரு கால் வெளியே தொங்கியது. கை ஒரு மரமுனையைப் பிடித்திருந்தது. கீழே, பிரித்துப் போட்ட ஓட்டுக் குவியல். நான் அவரை நோக்கி ஓர் அடி எடுத்தேன்.

விசில். பிறகு, "ஹோல்டான்."

என் வலது கால் அந்தரத்தில் நின்றது. நாற்காலி காலி. சத்தம் என் காலுக்கடியிலிருந்து, வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

"வைக்காதீங்க தம்பி. அங்க பலகை இல்ல, வெறும் ஷீட்டு. உள்ளேருந்து பாக்குறேன், உங்க காலடி சத்தம் கேக்குது."

கால் வைக்கவிருந்த இடத்தில் ஷீட் மெல்லப் புடைத்து அடங்கியது. ஒட்டடைக் குச்சியால் கீழிருந்து குத்திக் காட்டுகிறார்.

"இப்ப பலகைய தட்டுறேன். சத்தம் கேக்குற இடத்துல மட்டும் கால வைங்க. உக்காந்துகிட்டே நகருங்க."

டக், டக். நகர்ந்தேன். "வரலாம், வரலாம். கொஞ்சம் லெஃப்ட்டு. வரலாம்." பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும் அதே குரல். ஆனால் நடுங்கியது. "ஹோல்டான். அங்கயே படுத்துக்குங்க."

இடுப்புக் கயிற்றில் மீந்திருந்த நுனியை மேஸ்திரியிடம் வீசினேன். அவர் அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். தென்னை எங்கள் இருவரையும் தாங்கியது. தொங்கிய காலை அவர் மேலே இழுத்துக்கொள்வதற்குள் என் மனைவி ஏணியைத் தூக்கிவந்து அந்த விளிம்பில் சாத்திவிட்டாள். அவர் இறங்கினார். டக், டக் சத்தத்தைக் கேட்டபடி நானும் ஏணிக்கு வந்து இறங்கினேன்.

மேஸ்திரி ஓட்டுக் குவியலைப் பார்த்துவிட்டு வீட்டு வாசல் பக்கம் திரும்பினார். "நாளைக்கு எனக்கும் ஒரு கயிறு கொண்டாங்க சார்" என்றார்.

தலையெல்லாம் ஒட்டடையோடு ஹோல்டான் வெளியே வந்தார். என் வலது மணிக்கட்டைப் பிடித்து நாற்காலிவரை கூட்டிவந்து உட்காரவைத்தார். பக்கத்தில் நின்றார். பிடியை விடவில்லை. என் மனைவி டீ கொண்டுவந்தாள். அப்போதும் விடவில்லை.

கையை இழுத்துக்கொள்ள எனக்கும் தோன்றவில்லை. டீயை இடது கையால் குடித்தேன்.