மவுத்து அறிவிக்கப்பட்ட மச்சானுக்கு

மருதமுனை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுத பின்.

கண்ணியத்துக்குரிய மச்சான் அச்சிமுகம்மது ஹாஜியார் அவர்களுக்கு, உங்கள் தங்கை மைமூனாவின் கணவன் பதியுதீன் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். உங்களிடம் சுகம் விசாரிக்கும் தகுதியை நான் புதன்கிழமை இழந்துவிட்டேன். ஊர் முழுக்கக் கேட்கும்படி உங்கள் மரணத்தை அறிவித்து உங்களை மவுத்தாக்கியவனே இப்போது "நலம்தானே?" என்று கேட்டால் நக்கல் போலிருக்கும். ஆகையால் நீங்கள் நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். அல்லாஹ் உங்கள் ஹயாத்தை நீளமாக்குவானாக. நான் இங்கு நலமில்லை.

நேரில் வந்து சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுவது கோழைத்தனம் என்று நீங்கள் நினைக்கலாம். வந்தேன் மச்சான். நேற்று வந்தேன், இன்று காலையும் வந்தேன். கேட் பூட்டிக் கிடந்தது. உள்ளே இருந்துகொண்டே வெளியில் பூட்டுப் போடும் வித்தையை எப்படிச் செய்தீர்கள் என்று தெரியவில்லை, ஆனால் உங்கள் கோபத்துக்கு அது பெரிய காரியமில்லை. போன் எடுத்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஜும்ஆவுக்கும் உங்களைக் காணவில்லை. நான் நிற்கும் பள்ளியில் தொழ மனமில்லாமல் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறீர்கள். மைமூனாவும் உங்களோடு வந்துவிட்டாள். இரண்டு நாளாக நான் பாணும் பருப்புமாக இருக்கிறேன். பருப்பும் அடிப்பிடித்துவிட்டது.

நடந்ததை நீங்கள் துண்டு துண்டாகத்தான் கேட்டிருப்பீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதபடி நான் ஒரு நாளும் இருந்ததில்லை. சார்புக்குள் சார்பைப் போடுவதைப் படிப்பிக்க நான் சொல்லும் உதாரணத்தை நீங்கள் கலியாண வீடுகளில்கூடக் கேட்டிருக்கிறீர்கள். ஆலைக்குள் அரிசியைப் போட்டால் மா வரும். பிழியும் உரலுக்குள் மாவைப் போட்டால் இடியப்பம் வரும். ஆலையின் வாயிலிருந்து விழுவதை நேரே உரலின் வாய்க்குள் விழவைத்தால், அரிசியைப் போட்டுவிட்டு இடியப்பத்தை எடுக்கலாம். ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடு. இதைச் சொல்லும்போதெல்லாம் மைமூனா, "மாவக் குழைக்கிறது ஆரு?" என்று கேட்பாள். அதை நான் அற்ப விஷயமாக விட்டுவிடுவேன்.

போன மாதம் என்னைப் பள்ளிவாசல் செயலாளராக்கினார்கள். பொறுப்பேற்றதும் என் கண்ணில் பட்டது மவுத்து அறிவித்தல்தான். துக்க வீட்டார் அழுதுகொண்டே போன் எடுப்பார்கள். பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார், மவுத்தானவரின் பெயரைக் கேட்பார், விளங்காது, மறுகா கேட்பார், தகப்பன் பெயர் கேட்பார், அவர்கள் இன்னும் கூட அழுவார்கள். இந்த வதை எதற்கு என்று நினைத்தேன். கணினியில் மூன்று சார்புகள் செய்தேன். முதலாவது, போன் நம்பரைக் கொடுத்தால் அது எந்தக் குடும்பம் என்று தரும். இரண்டாவது, குடும்பத்தைக் கொடுத்தால் குடும்பத் தலைவரின் பெயரைத் தரும். மூன்றாவது, அந்தப் பெயரைக் கொடுத்தால் இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் தகப்பனுமான என்று முழு அறிவித்தலையும் துயரத்தோடு எழுதித் தரும். மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டேன். இனி ஒருவரும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. போன் அடித்தால் போதும். சோதித்துப் பார்க்க என் நம்பரையே போட்டேன். என்னுடைய மவுத்து அறிவித்தல் ஒரு எழுத்துப் பிழையில்லாமல் வந்தது. வாசிக்க வாசிக்க எனக்கே கண் கலங்கியது. நான் எவ்வளவு நல்ல மனிதன் என்று அன்றுதான் தெரிந்தது.

புதன் காலை உங்கள் வீட்டிலிருந்து மதினி சரீபா பள்ளிக்குப் போன் எடுத்தார். அழுகை.

"மச்சான், எங்களுக்கு ஒரு மவுத்து. பள்ளியில அறிவிக்கணும். எங்கட மூ..."

நான் இடைமறித்தேன். "மதினி, நீங்க ஒண்டும் செல்லத் தேவையில்ல. நம்பர் வந்திட்டு. நீங்க அழுங்க. மிச்சத்த இது பாத்துக்கும்."

வைத்துவிட்டேன். அந்த "மூ"வுக்குப் பின்னால் மதினியின் பாட்டியான மூத்தம்மா ஒருவர் இருந்தார் என்பதையும், பொத்துவிலில் அவர் அன்று காலை வபாத்தாகியிருந்தார் என்பதையும் கேட்டறிய எனக்கு நேரமில்லை. நம்பரைப் போட்டேன். உங்கள் பெயர் வந்தது.

மச்சான், நீங்கள் நம்பமாட்டீர்கள், நான் அழுதேன். மேசையில் தலையை வைத்து அழுதேன். சுபஹு தொழுகைக்குப் பிறகு நீங்கள் ஒலுவில் துறைமுகத்துக்குப் படகு பார்க்கப் போகும்போது பைக்கில் இருந்து எனக்குக் கை காட்டினீர்களே, அது கடைசியாகக் காட்டிய கை என்று நினைத்து அழுதேன். மோதினார் பக்கத்தில் நின்று, "சேர், ஒருக்கா எடுத்துக் கேப்பமா?" என்றார். "துக்க ஊட்டாரத் தொந்தரவு பண்ணப்படாது. கணக்கில பிழ வராது" என்றேன். அறிவித்தலை நானே வாசித்தேன். அழுகையில் விளங்காமல் போயிருக்கும் என்று இரண்டாம் தரம் இன்னும் சத்தமாக வாசித்தேன். அதனால்தான் அடுத்த ஊர் பெரியநீலாவணை வரைக்கும் கேட்டிருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு நான் வரும்போது ஊரே வந்திருந்தது. முற்றத்தில் டென்ட் கட்டிக்கொண்டிருந்தார்கள். மைமூனா என்னைத் தாண்டி ஓடிப்போய் மதினியைக் கட்டிப்பிடித்தாள். அவள் தன் காக்காவான உங்களுக்காக அழுதாள், மதினி மூத்தம்மாவுக்காக அழுதார், ஒருவரின் அழுகையில் மற்றவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஒலிபெருக்கியில் உங்கள் பெயர் வந்ததை மதினியும் கேட்டிருக்கிறார். அச்சிமுகம்மதின் மனைவியின் மூத்தம்மா என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துவிட்டார். பொத்துவிலில் கிடக்கும் கிழவிக்கு மருதமுனையில் இவ்வளவு பாசமா என்று அவருக்கு ஆச்சரியமாம்.

வாசலில் நின்ற ஒருவர் உடலைக் காணாமல் உள்ளே பார்த்து, "மையத்து எங்க இரிக்கி?" என்று கேட்டார்.

"பொத்துவில்ல" என்றார் மதினி.

வெளியே நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஒலுவிலுக்குப் போன மனிசன் பொத்துவிலுக்கு எப்பிடிப் போனார்?" என்றார் ஒருவர். "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்றார் மற்றவர். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

இனித்தான் நான் வெட்கப்படும் இடம். இதுவரை எழுதியதற்கும் வெட்கம்தான், ஆனால் அது கணக்கின் வெட்கம். இது என் வாயின் வெட்கம். மையத்து வரும்வரை நாலு வார்த்தை கதைக்கச் சொன்னார்கள். எனக்குச் சொல்ல வேண்டுமா? ஒரு கதிரையில் ஏறி நின்றேன். உங்கள் நல்ல குணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாம் உண்மை. ஜனங்கள் அழுதார்கள். அழுகையைக் கண்டதும் எனக்கு உசார் வந்தது. முன்பு ஒருமுறை பள்ளிவாசல் கூட்டத்தில் என்னைப் பார்த்து "கணக்குப் படிச்ச விசர்" என்று நீங்கள் ஏசியதை நான் மனதார மன்னித்துவிட்டதாக அறிவித்தேன். அதோடு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. உங்கள் படகில் போகும் ஆட்கள் எல்லாரும், படகை ஓட்டும் தண்டயல் சுபியானும், முன்னால் நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்து, "உங்கட முதலாளிட மதிநுட்பம் உங்களுக்குத் தெரியாது. கடலில கால வச்சாலே தல சுத்திச் சத்தி எடுக்கிற மனிசன், ஒரு நாளும் படகில ஏறாம, ஒருத்தருக்கும் காரணம் தெரியாம, இத்தன வருசம் படகு நடத்தினார்" என்றேன்.

புகழ்ச்சியாகத்தான் சொன்னேன் மச்சான். சத்தியமாகப் புகழ்ச்சி. மைமூனா என்னிடம் இரகசியமாகச் சொன்ன விஷயம் என்பது வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

சுபியானுக்குச் சிரிப்பு வந்தது. மவுத்து வீட்டில் சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு! பிறகு அவன் முகம் மாறியது. எல்லார் முகமும் மாறியது. எனக்குப் பின்னால் எதையோ பார்த்தார்கள். என் பேச்சின் தாக்கம் என்று நினைத்து நான் குரலை இன்னும் உயர்த்தினேன்.

"மச்சான், கதச்சி முடிஞ்சா அந்தக் கதிரய ஒள்ளம் தாங்க. கால் உழையுது" என்றது உங்கள் குரல்.

நான் கதிரையிலிருந்து இறங்கவில்லை, விழுந்தேன். அதே நேரம் உள்ளே மதினியின் சத்தம் கேட்டது. கணவனை இழந்தவர்கள் இத்தா இருக்க உடுக்கும் வெள்ளைச் சீலையைக் கொண்டுவந்து ஒரு பெண் அவர் கையில் கொடுத்திருக்கிறாள். "மூத்தம்மா மவுத்தாகினதுக்கு நான் என்னத்துக்குக்கா இத்தா இரிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சந்தியில் டென்ட் கம்பி இறக்கிக்கொண்டிருந்த பையனிடம் நீங்கள் "ஆருக்கு மனே?" என்று கேட்டதையும், அவன் "அச்சிமுகம்மது ஹாஜியாருக்காம், நீங்களும் அறிஞ்சவரா?" என்று கேட்டதையும் பிறகு அறிந்தேன். நீங்கள் அந்தக் கதிரையை எடுத்துப் போட்டீர்கள். கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தீர்கள். உங்களை எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு மதினியிடம் ஏதோ கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினீர்கள். அந்தக் கதவுச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் பள்ளிக்கு ஓடினேன். செய்ததை அழிக்க வேண்டுமல்லவா? பதற்றத்தில் அதே அறிவித்தலை எடுத்து, அதில் திருத்தி வாசித்தேன். "அச்சிமுகம்மது ஹாஜியார் அவர்கள் ஹயாத்தோடு இருக்கின்றார் என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகின்றோம்." மூன்றாவது சார்பு அப்படி, மச்சான். உள்ளே எது போனாலும் வெளியே துயரமாகத்தான் வரும். மோதினார் என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, பிழை எங்கே என்று கணினியில் தேடினேன். சார்பு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றும் சரி. ஒன்றுக்குள் ஒன்று போட்டதும் சரி. ஆனால் நான் உள்ளே போட்டது டெலிபோன் நம்பர். அதிலிருந்து மவுத்தானவர் எப்படி வெளியே வருவார்? எந்த வீட்டில் அழுகிறார்கள் என்று அது சரியாகச் சொன்னது. யாருக்காக அழுகிறார்கள் என்று கேட்க வேண்டியவன் நான். நான் அப்படித் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது மைமூனா பையோடு வந்து நின்று, "நான் காக்காவோட போறன்" என்றாள். அதற்குப் பிறகும் ஏதோ நிறையச் சொன்னாள். கேட்கும் நிலையில் நான் இல்லை. "ஓம், ஓம்" என்றேன். என்னை விட்டுப் போகிறவளிடம் வேறு என்ன சொல்வது?

இப்போது தெருவில் தலை காட்ட முடியவில்லை. மீன் வாங்கப் போனால், "சேர், நான் ஹயாத்தா இரிக்கனா எண்டு ஒருக்காப் பாத்துச் செல்லுங்க" என்கிறார்கள். செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். மோதினார் பழையபடி பெயரை மூன்று தரம் கேட்கிறார். படகு விஷயத்தில் நான் பறித்த மானத்தைத் திருப்பித் தர என்னிடம் வழியில்லை. பொய் என்று சொன்னால் அது இன்னொரு பாவம். நீங்கள் சம்மதித்தால் ஒரு நாள் உங்கள் ஆட்கள் எல்லாரும் பார்க்க உங்களோடு படகில் வந்து, உங்களைவிடப் பெரிதாகச் சத்தி எடுக்கத் தயாராக இருக்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள். தண்டனை என்றாலும் கொடுங்கள். கேட்டை மட்டும் திறந்துவிடுங்கள்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். மைமூனா பக்கத்தில் இருந்தால், அவளுடைய பிரஷர் குளிசை இங்கே அலுமாரியில் கிடக்கிறது என்று சொல்லவும். அல்லாஹ் உங்கள் எல்லாருக்கும் நீண்ட ஹயாத்தையும் குறையாத சுகத்தையும் தந்து, என் முகத்தைப் பார்க்கும் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு, தங்கள் மச்சான்,
பதியுதீன்.

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் மைமூனா போன் எடுத்தாள்.

"இன்னும் ஊட்டயா இரிக்கீங்க?" என்றாள்.

"ஓம். நீ காக்காட ஊட்டயா?"

"காக்காட ஊட்ட ஆரு இரிக்கா? எல்லாரும் பொத்துவில்ல. அண்டைக்கே மூத்தம்மாவ அடக்கி இண்டைக்கு மூணாம் நாள். காக்காவோட போறன், வேன் சந்தியில நிக்கிது, மூத்தம்மாட மையத்துக்கு நீங்களும் உடன வாங்க எண்டு எத்தன தரம் சென்னேன்? ஓம் ஓம் எண்டுட்டு இரிந்திட்டீங்க."

"காக்காக்குக் கோவமா?"

"கோவப்பட அவருக்கு எங்க நேரம்? உடுப்ப மாத்தின கையோட, போனையும் உட்டுட்டு வெளிக்கிட்டாரு. மையத்த வச்சிச் சந்தூக்குத் தூக்கினதும் அவருதான். வாறவங்க எல்லாரிட்டயும் உங்கட கதையத்தான் செல்லிச் சிரிச்சிட்டு இரிக்காரு. மறுகா என்னப் பாத்து, மச்சான் ஏன் இன்னும் வரல்ல எண்டு கேக்காரு. நான் என்னத்தச் செல்ற?"

போனைக் காதில் வைத்தபடியே கவரிலிருந்து தாள்களை வெளியே எடுத்தேன். இந்தக் கடிதத்தை மேலிருந்து கீழாக வாசித்துப் பார்த்தேன். உயிரோடிருக்கும் உங்களிடம் இத்தனை பக்கம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மவுத்தான மனுஷிக்கு ஒரு துஆ இல்லை. பெயர்கூட இல்லை, எனக்குத் தெரிந்தால்தானே எழுதுவதற்கு. மைமூனாவிடம் கேட்டேன். அவள் சொன்னாள். இந்தத் தரம் நான் இடைமறிக்கவில்லை.

ஸகியா உம்மா. அல்லாஹ் அவருக்குச் சுவர்க்கத்தைக் கொடுப்பானாக. கடிதத்தை அனுப்பவில்லை மச்சான். பொத்துவில் பஸ்ஸுக்கு வெளிக்கிடுகிறேன்.