பாரத்தோடு அளந்த சக்கரம்

இந்த வண்டி பாண்டிச்சேரிக்குப் போகாது என்று பால்சாமி முடிவு கட்டிய அன்றைக்கு வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. சத்தம் இல்லை, புகை இல்லை, நாலு சக்கரமும் ஒழுங்காக இருந்தன. கேடெல்லாம் பால்சாமியின் வயிற்றுக்குள் இருந்தது.

செஞ்சி பஜாரில் வாடகைக்கு ஓடிய பிளசர் காருக்குச் சொந்தக்காரர் அவர். டிரைவரும் அவரே, கிளீனரும் அவரே. கல்யாணம், காதுகுத்து, பிரசவம், கோர்ட்டு வாய்தா எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். மற்ற டிரைவர்கள் வண்டி எடுக்கும் முன் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். பால்சாமி சிலுவை போட்டுக்கொண்டு மூங்கில் குச்சியை எடுப்பார். முன் சக்கரம் இரண்டுக்கும் நடுவே முன்பக்கம் எவ்வளவு இடைவெளி, பின்பக்கம் எவ்வளவு இடைவெளி என்று அளக்கவேண்டும். முன்பக்கம் ஒரு நூல் குறைச்சலாக இருக்கவேண்டும். குச்சியின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை மகள் லில்லி கையில். பாவாடை கட்டின நாளிலிருந்து அவள்தான் பிடிக்கிறாள்.

"சக்கரம் நேரா இல்லாதவன் சவாரி எடுக்கக் கூடாது. டயரை அரம் வெச்சி ராவுன மாதிரி ராவிடும்" என்று கேட்டவனுக்கும் சொல்வார், கேட்காதவனுக்கும் சொல்வார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த ஆதிநாராயணன் ஒரு நாள் திண்டிவனத்துக்கு ரயில் பிடிக்க ஓடிவந்தபோதுகூட அளந்து முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். ரயில் போய்விட்டது. "ரயிலு போனா இன்னொரு ரயிலு வரும் மொதலாளி. டயரு போனா வருமா?" என்று கேட்டார். புது டயர் குதிரைக்கொம்பாக இருந்த காலம். ஆதிநாராயணன் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்குத்தான் சோதனை வந்தது. லில்லி கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன் என்றாள்.

ஒரே பெண். வல்லத்தில் வாத்தியாராக இருந்த ஜோசப்ராஜை அவளுக்கென்று மனசுக்குள் பேசி முடித்து, பேரப்பிள்ளைக்குப் பெயரும் வைத்துவிட்டிருந்தார் பால்சாமி. பையனுக்கே இன்னும் விஷயம் தெரியாது என்பது வேறு கதை. கத்தினார். அழுதார். சாப்பிடமாட்டேன் என்று ஒரு வேளை படுத்துப் பார்த்தார். கருவாட்டுக் குழம்பு வாசனை வந்ததால் எழுந்துவிட்டார். லில்லி எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. சிரித்தபடி இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மனைவி அமலோற்பவத்திடம் போனார்.

"இன்னாடி அமலு, பெத்தவ நீ. போவாதடின்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டேன். அழுதும் பாத்துட்டேன். அவ மனசு அங்கதான் கெடக்குது."

"எப்பப் போவணுமாம்?"

"ஆகஸ்டு பதினஞ்சுக்குள்ள. மாதா மோட்சத்துக்குப் போன திருநாளு. அன்னியோட சேக்கறது முடிஞ்சிபோவுது. அத வுட்டா அடுத்த வருசந்தானாம்."

அடுத்த வருஷம்! பால்சாமியின் காதில் அந்த ஒன்றுதான் விழுந்தது. ஒரு வருஷம் கிடைத்தால் போதாதா? ஜோசப்ராஜுக்கு விஷயத்தைச் சொல்லி, கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, தாலியும் கட்டவைத்துவிடலாமே!

"நாங்க பஸ்ஸுல போயிக்கிறோம்" என்றாள் அமலோற்பவம்.

"பஸ்ஸுலயா? செஞ்சியில பிளசர் வெச்சிருக்கறவன் பொண்ணு பஸ்ஸுல போவுதா? ஊரு காறித் துப்பும். நானே கொண்டுபோயி வுடறேன்."

அமலோற்பவம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "சரிங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு சுருக்காகச் சரி சொன்னதில்லை. அதையாவது இந்த மனுஷர் கவனித்திருக்கலாம். எங்கே! கெட்டிக்காரத்தனம் தலைக்கேறி இருந்தது.

பதினாலாம் தேதி மத்தியானம் தாயும் மகளும் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். முன் சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் டை ராட் கம்பியின் திருகுமறையை இளக்கினார். ரெண்டு திருகு திருகினார். எத்தனை வருஷம் தொட்டுக் கும்பிட்ட வண்டி! "மன்னிச்சிக்கடா ராசா, வேற வழி இல்ல" என்று அதனிடம் சொல்லிவிட்டு, இடது டயரில் கொஞ்சம் காற்றையும் இறக்கிவிட்டு வெளியே வந்தார். பிறகு போய்க் குளித்தார்.

மறுநாள் பெட்டியை டிக்கியில் ஏற்றிக் கிளம்பினார்கள். தெருவே வந்து வழியனுப்பியது. வண்டி பஜாரைத் தாண்டவில்லை, வைக்கோலைக் கண்ட மாடு மாதிரி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. டயர் கீச்சுக் கீச்சென்று கத்தியது. வல்லத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தார். டயரின் ஓரம் உரிந்து நார் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டார். பாதி அடி நடிப்பு. டயரைப் பார்த்ததும் மீதிப் பாதி நிஜமாகவே விழுந்தது.

"போச்சு! இதோட போனா டயரு வெடிச்சி நாமளும் மாதா பின்னாடியே மோட்சத்துக்குப் போவணும்."

"குச்சி வெச்சி அளந்து சரி பண்ணுங்களேன்" என்றாள் அமலோற்பவம்.

"இது குச்சிக்கு அடங்காதுடி. சக்கரத்த மிஷின்ல மாட்டிச் சுத்தவுட்டு, எந்தப் பக்கம் பாரம் ஏறுதுன்னு பாத்து, எதிர்ல ஈயத்துண்டு அடிக்கணும். அந்த மிஷினு பாண்டிச்சேரி பட்டறையிலதான் இருக்குது."

"அப்ப பாண்டிச்சேரிக்குப் போங்க."

"சக்கரம் இந்த லட்சணத்துல இருந்தா பாண்டிச்சேரிக்கு எப்பிடிப் போறது?"

"சக்கரம் எப்ப சரியாவும்?"

"பாண்டிச்சேரிக்குப் போனாத்தான்."

"பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்ன கதையா இல்ல இருக்குது" என்றாள் அவள்.

பின்சீட்டில் லில்லி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார் பால்சாமி. ஆனாலும் ஸ்டெப்னியை மாட்டி, மாட்டுவண்டி வேகத்தில் செஞ்சிக்கே திருப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அமலோற்பவம், "இன்னா பண்றது, இனிமே அடுத்த வருசந்தான்" என்றாள். "எல்லாம் தேவ சித்தம்" என்றார் பால்சாமி, முகத்தை முழம் நீளத்துக்குத் தொங்கப்போட்டுக்கொண்டு. ராத்திரி நாலு தோசை அதிகம் போயிற்று.

அடுத்த ஒரு வாரம் அவர் வாழ்க்கையிலேயே நல்ல வாரம். லில்லி அவரை விட்டு நகரவில்லை. தினம் ஒரு குழம்பு. தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். சட்டையெல்லாம் எடுத்து விட்டுப்போன பொத்தானைத் தைத்தாள், தைத்த பொத்தானையும் இறுக்கித் தைத்தாள். சாயங்காலம் வண்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சின்ன வயசில் அவர் சொன்ன கதையையெல்லாம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். எங்கும் போகாத பெண் இத்தனை பொத்தானை எதற்குத் தைக்கிறாள் என்று யாராவது அவரைக் கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு ஏது மூளை!

அந்த வாரக் கடைசியில் ஆதிநாராயணன் கல்யாணச் சவாரிக்கு வண்டி வேண்டும் என்று ஆள் அனுப்பினார். டை ராடை யாருக்கும் தெரியாமல் பழையபடி திருகிவைத்தார் பால்சாமி. ஆனால் ஸ்டெப்னி பழசு. வேகம் எடுத்தால் ஸ்டியரிங் கையில் உதறியது. சொன்ன பொய்யே நிஜமாகிவிட்டது. பட்டறைக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

"நாங்களும் வர்றோமே" என்றாள் அமலோற்பவம். "பொண்ணு வூட்டுலயே அடைஞ்சி கெடக்குது. ஒரு மாறுதலா இருக்கும். ஆளு உக்காந்து பாரம் இருந்தாத்தான் அளவு நெசமா வரும்னு நீங்கதானே சொல்வீங்க?"

சொல்வார்தான். சொல்லாத நாள் கிடையாது. பால்சாமிக்கு ஒரே குஷி. பட்டுப் புடவை எடுத்துத் தந்து, மடத்து நினைப்பையே மறக்கடித்துவிடலாம்!

"டிக்கியில பொட்டி அப்பிடியே கெடக்குதே. எறக்கிடட்டா?"

"இருக்கட்டும் வுடுடி. அதுவும் பாரந்தானே" என்றார் அந்த மகாபுத்திசாலி.

பாண்டிச்சேரிப் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிச் சுழலவிட்டார்கள், ஈயம் அடித்தார்கள். பிறகு தாயையும் மகளையும் பின்சீட்டில் உட்காரவைத்து, பெட்டி டிக்கியில் இருக்க, முன் சக்கரத்தை அளந்து முடுக்கினார்கள். பால்சாமி சும்மா நிற்பாரா? அவரும் அடியில் படுத்து ஒரு ஸ்பானரைப் பிடித்தார். வெளியே வந்து ஓட்டிப் பார்த்தபோது வண்டி பூப்போலப் போயிற்று.

"பாரு அமலு! கைய எடுத்துட்டேன் பாரு! கோடு போட்டாப்ல நேரா போவுது!"

"நேராவே போங்க."

"துணிக்கடை அந்தப் பக்கம்டி."

"கொஞ்ச தூரம் நேரா போங்க. இன்னும் கொஞ்சம். தோ, நிறுத்துங்க."

உயரமான கதவு. மேலே மாதா சுரூபம், அதன் கீழே ஒரு பெயர்ப்பலகை. பால்சாமி படித்துப் புரிந்துகொள்வதற்குள் கதவு திறந்து, இடுப்பில் சாவிக்கொத்தோடு வயசான சிஸ்டர் ஒருவர் வெளியே வந்தார்.

"வாம்மா லில்லி! இன்னைக்கு கடைசி நாளாச்சே, வரமாட்டியோன்னு பயந்துட்டேன்."

"கடைசி நாளா?" என்றார் பால்சாமி. "பதினஞ்சாம் தேதியே முடிஞ்சிபோச்சே!"

அமலோற்பவம் தரையைப் பார்த்தாள். "இருவத்திரெண்டுங்க. இருதய மாதா திருநாளு. நீங்க எதுனா பண்ணுவீங்கன்னு தெரியும். அதான் ஒரு வாரம் முன்னாடியே ஒரு தேதி சொன்னேன். பொய் சொன்னதுக்குச் சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். அவரு செபமாலை எடுத்து அம்பத்துமூணு மணி செபம் சொல்லச் சொன்னாரு. அதையும் சொல்லிட்டேன்."

"எதுனா பண்ணுவேனா? நா இன்னா பண்ணேன்? டயரு தானா..."

"நைனா" என்றாள் லில்லி. சிரிக்கத்தான் பார்த்தாள், கண் ஒத்துழைக்கவில்லை. "பதினஞ்சாம் தேதி காலையில குச்சி புடிக்க என்னக் கூப்புடலியே நீ. அப்பவே தெரிஞ்சிபோச்சி."

"தெரிஞ்சிம் ஏன் இருந்த? பஸ்ஸு ஏறிப் போயிருக்கலாமே" என்றார் பால்சாமி.

"போயிருக்கலாம். நீ கொண்டாந்து வுடாம எப்பிடி நைனா போறது?"

அவள் தெருவிலேயே முட்டி போட்டாள். ஆசீர்வாதத்துக்குத் தலையைக் குனிந்தாள். பால்சாமி கையைப் பார்த்தார். விரலெல்லாம் கிரீஸ். வேட்டியில் துடைத்தார், போகவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தால் அவள் முட்டி போட்டபடியே இருப்பாள் என்று ஒரு நப்பாசைகூட வந்தது. "பரவால்ல, போடு நைனா" என்றாள். நெற்றியில் சிலுவை போட்டார். கறுப்பாக விழுந்தது. சிஸ்டர் கைக்குட்டையை நீட்டினார். "இருக்கட்டும் சிஸ்டர்" என்று லில்லி எழுந்துகொண்டாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பெட்டியை வாசற்படி வரைக்கும் பால்சாமியே தூக்கிப் போனார். அதற்குமேல் ஆம்பிளைக்கு அனுமதி இல்லை.

கதவு சாத்திக்கொண்டது.

திரும்பி வரும்போது அமலோற்பவம் முன்சீட்டில் உட்கார்ந்தாள். எல்லையில் மதுவிலக்குப் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். டிக்கியைத் திறக்கச் சொல்லித் தட்டிப் பார்த்தார். காலி.

"பாண்டியிலேந்து இன்னா எடுத்தாந்த?"

"எடுத்தாரலீங்க. வுட்டுட்டு வர்றேன்."

போலீஸ்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "கண்ணு செவந்து கெடக்குது, ஒளர்ற. எங்க, ஊது." பால்சாமி ஊதினார். காற்று வரவில்லை, விம்மல்தான் வந்தது. அந்த மனுஷர் என்ன நினைத்தாரோ, "போ, பாத்துப் போ" என்று முதுகைத் தட்டி அனுப்பிவிட்டார்.

திண்டிவனம் வருவதற்குள் பால்சாமி கண்ணில் தண்ணீர் மறைத்ததால் ரெண்டு தடவை வண்டியை ஓரம் கட்டினார். மூன்றாம் தடவை கட்டியபோது கேட்டார்.

"எப்பப் பாக்க வுடுவாங்களாம்?"

அமலோற்பவம் கொஞ்சம் யோசித்தாள். "அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம."

பால்சாமி நிமிர்ந்தார். மூக்கைச் சிந்தினார். வண்டியை எடுத்தார். அடுத்த மாசமா? இதோ இருக்கிறதே! அதிரசம் சுட்டு எடுத்துப் போகலாம். கருவாடு மடத்தில் தருவார்களோ மாட்டார்களோ, அதையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். அமலுவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தனியாக நாலு வார்த்தை பேசினால் பெண் மனசு இளகாதா? வல்லம் தாண்டும்போது அவர் மனசுக்குள் லில்லியைப் பாதி வழி கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். செஞ்சிக் கோட்டை மலை தெரிந்தபோது ஜோசப்ராஜுக்கு மாப்பிள்ளைச் சட்டை தைத்தாகிவிட்டது. சந்தோஷமாக மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். பால்சாமியின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

"அமலு, அந்தத் தேதியாவது நெசமா?"

"வூடு போயிச் சேர்ற வரைக்குமாவது வண்டி ஓட்டுவீங்களேன்னு சொன்னேன்" என்றாள் அவள். "பாக்க ஒரு வருசம் ஆவுங்க."