மகாராஜா உட்கார்ந்த பெஞ்சு

நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு முதலில் வருவது வியர்வை. அடுத்து வருவது பொய். (திட்டம் போட்டுச் சொல்வதில்லை. வாய்க்கு எது முதலில் அகப்படுகிறதோ, அது வெளியே வந்துவிடும்.)

எங்கள் ஊர்ப் பூங்கா மகாராஜா காலத்தில் போட்டது. அதற்கு ஐம்பது ஆண்டுத் திட்டம் தயாராகிறது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று வாசலில் தட்டி வைத்தார்கள். பழைய வரைபடத்தில் உள்ளபடி, வாசலிலிருந்து குளம் வரை நேர்கோடாக ஒரு நடைபாதை வருமாம். அந்தக் கோட்டின் நடுவில் ஒரு வாகை மரம், அதன் கீழே ஒரு பெஞ்சு. இரண்டும் பிற்காலத்தில் வந்தவை. ஆகவே இரண்டும் போய்விடும்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு முழங்கால் முட்டில் வலி. தினமும் நடந்தே ஆக வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அந்த பெஞ்சு வரை நடந்து, நிழலில் உட்கார்ந்து, பிறகுதான் மீதியை நடப்பாள். பெஞ்சு போனால் நடையும் போச்சு.

“மரமும் பெஞ்சும் அங்கனயே கெடக்கட்டுன்னு ஒத்த வார்த்த சொன்னா போரும். பேசுவியளா?”

“நீயே பேசேன் ஏட்டி.”

“நான் எழும்பி நிக்கதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிரும். எனக்க முட்டு அப்பிடி.”

பூங்காவிலேயே பந்தல் போட்டிருந்தார்கள். திட்டம் போடும் குழுவிலிருந்து வந்த இளம்பெண் அழகாக விளக்கினார். என்னிடம் ஒரு கோளாறு உண்டு. யாராவது என் முகத்தைப் பார்த்துப் பேசினால் தலை தானாக ஆடும். அந்தப் பெண் முழுக்க என் முகத்தையே பார்த்துப் பேசினார்.

“ஐம்பது வருஷம் கழிச்சு இங்க எதைப் பார்க்க ஆசைப்படுறீங்க?” என்று கேட்டார்.

“மொதல்ல நாம இருக்கணும்லா பாக்கதுக்கு?” என்றார் பக்கத்திலிருந்த டீக்கடை செல்லப்பன்.

“இந்த சார் ஆரம்பத்துலேருந்தே நம்ம திட்டத்தை ஆதரிக்கிறார். அவரே சொல்லட்டும்,” என்று அந்தப் பெண் என்னைக் காட்டினார். மைக் என் கைக்கு வந்தது. ஸ்டெல்லா என் தொடையில் கிள்ளினாள்.

எழுந்தேன். மனப்பாடம் செய்த வாக்கியத்தைக் காணவில்லை.

“அந்த பெஞ்சு… மகாராஜா உக்காந்த பெஞ்சு.”

அந்தப் பெண்ணின் கண்கள் விரிந்தன. “அப்படியா! யார் சொன்னாங்க?”

“எங்க தாத்தா.”

“அவர் நேர்ல பார்த்தாரா?”

“அவருதான் விசிறினாரு.”

(என் தாத்தா மரச்சீனிக் கிழங்கு விற்றவர். மகாராஜாவைக் காசில் பார்த்திருந்தால் உண்டு.)

“வாங்க, எல்லாரும் போய்ப் பார்ப்போம்!” கூட்டமே கிளம்பிவிட்டது. நான் இப்படி ஒரு முடிவை எதிர்பார்க்கவில்லை.

சிமெண்ட் பெஞ்சு. அதன் முதுகில் சிவப்புப் பெயின்டில், ‘உபயம்’ என்று போட்டு ஒரு பாத்திரக் கடையின் பெயர். கீழே செல்போன் நம்பர்.

செல்லப்பன் குனிந்து வாசித்தார். “இது மகாராஜாவுக்க நம்பரா மக்கா? போட்டுப் பாப்பமா?”

எல்லோரும் சிரித்தார்கள். வாகை மரத்தில் ஒரு பொந்து இருந்தது. அதற்குள் நான் நுழைய முடியுமா என்று அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. வரைபடத்தை மடித்தார். “அப்போ இதை எடுத்துடலாம்,” என்றார்.

அப்போதுதான் ஸ்டெல்லா வந்து சேர்ந்தாள். காலை இழுத்து இழுத்து, கடைசி ஆளாக. யாரையும் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

“மகாராஜா ஒண்ணும் இதுல இருக்கல்ல மக்ளே. நான்தான் இருக்கேன், தெனமும். அங்கேருந்து இங்க வரதுக்கு நான் பட்ட பாட்ட பாத்தியா? அம்பது வருசம் நான் கேக்கல்ல. எனக்க காலு நடக்குத வரைக்கும் இது கெடக்கட்டு.”

அந்தப் பெண் ஸ்டெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மடித்த வரைபடத்தை மடியில் விரித்து, நேர்கோட்டை ரப்பரால் அழித்து, மரத்தைச் சுற்றிப் பென்சிலால் வளைத்தார்.

பாதை அப்படியே வந்துவிட்டது. மாட்டை விழுங்கிய பாம்பு போல நடுவில் ஒரு வீக்கம். ஆனால் செல்லப்பன் டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம், சிரிக்காமல், இது மகாராஜா உட்கார்ந்த பெஞ்சு என்று சொல்லி அனுப்புகிறார். வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். ஸ்டெல்லா முழங்காலைப் பிடித்தபடி அவர்கள் முடிக்கும் வரை நிற்கிறாள். வீட்டில் அவள் நாற்காலியில் நான் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் போதும், எங்கள் மகள் சத்தம் போடுவாள்:

“அப்பா, எழும்புங்க. வெளியூர்க்காரங்களும் அம்மாவ இப்பிடித்தான் நிக்க வைக்கிறாங்க.”