எறும்பெழுத்து அண்ணனும் ஒரு டாட் காமும்

இன்டர்நெட்டில் ஒரு பெயரை யார் முதலில் பதிகிறாரோ, அது அவருக்கே சொந்தம் என்று நான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக சீட்டில் கைக்குட்டை போடுகிறோமே, அதே சட்டம்தான் அங்கேயும் என்று நினைப்பு. இந்த ஞானத்தை எனக்கு வழங்கியவர் எறும்பெழுத்து அண்ணன்.

காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளாமல் இருந்த பெருமை முழுக்க அவரையே சேரும். அவர் போர்டு எழுதும் பெயிண்டர். எங்கள் ஊரில் ஒரு கடை பேர் வாங்கிவிட்டால் போதும், பக்கத்திலேயே அதே பெயரில் இன்னொன்று முளைக்கும். முன்னால் இருக்கும் இனிஷியல்தான் வித்தியாசம். அந்த இனிஷியலை எழுதுவதில் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. பெயர் தேர் மாதிரி நிற்கும். இனிஷியல் தேர்ச் சக்கரத்தில் ஏறிய எறும்பு மாதிரி ஓர் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய கடைக்காரர் சண்டைக்கு வந்தால் காட்டுவதற்கு இருக்கிறது. வெளியூர் கல்யாணக் கோஷ்டியின் கண்ணுக்கு இல்லை. இரு தரப்புக்கும் நியாயம்.

எழுதி முடித்ததும் டவுன் பஸ்ஸில் ஏறுவார். ஜன்னல் வழியாகத் தன் போர்டைப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே திரும்புவார். எறும்பு கண்ணில் பட்டுவிட்டால் ஏணியில் ஏறி அதை இன்னும் சின்னதாக்குவார்.

இரண்டாயிரமாம் வருஷம் பிறந்த சமயம் நான் பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தேன். அதற்கு போர்டு எழுத வந்தவர், எழுதி முடித்த பிறகும் தினமும் வந்துகொண்டிருந்தார். காந்தி ரோட்டில் ஒரு பெரிய பட்டுக் கடை புதுக் கிளை திறக்கப்போகிறது என்று ஊரே பேசிய நாளில், திரையை முறைத்தபடி கேட்டார்:

"இவங்க பேரு இதுல இருக்குதாப்பா?"

தேடினேன். இல்லை.

"அப்ப நாம எழுதிடுவோம்."

இனிஷியல் ஏதாவது சேர்க்கலாமா என்றேன். தட்டிக் காட்டினேன். கம்ப்யூட்டரில் இனிஷியலும் பெயரும் ஒரே உயரத்தில் தோளோடு தோள் நின்றன. அண்ணன் முகம் சுளித்தார். "வாணாம்பா. பார்க்கவே அசிங்கமா இருக்குது." அப்படியே கடைப் பெயரை மட்டும், என் பெயரிலும் என் விலாசத்திலும் பதிந்தோம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணன் சொல்லச் சொல்ல, என் சென்டரின் லெட்டர் பேடில் கடைக்கு ஒரு கடிதம் அடித்தேன். தங்கள் இன்டர்நெட் பெயர் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, கவலை வேண்டாம், புதுக் கிளைக்கு போர்டு எழுதும் வேலையை நாங்கள் சொல்லும் பெயிண்டருக்குக் கொடுத்தால் பெயர் உடனே வந்து சேரும். இப்போது யோசித்தால் பிள்ளையைக் கடத்தியவன் எழுதியது போல இருக்கிறது. அன்றைக்கு ரொம்பப் பணிவாகத் தெரிந்தது. கையெழுத்தும் நானே போட்டேன்.

பதில் சென்னையிலிருந்து வந்தது, வக்கீல் நோட்டீஸாக. என் கடிதத்தின் ஜெராக்ஸும் கூடவே இருந்தது. வழக்கு, நஷ்ட ஈடு, தடை உத்தரவு என்று பக்கம் பக்கமாக என் பெயர், என் அப்பா பெயர். அண்ணன் பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

சாட்சியத்தை ஒளித்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மானிட்டரை மட்டும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் செவிலிமேட்டுக்கு, அக்கா வீட்டுக்கு ஓடினேன். மற்றதெல்லாம் கடையிலேயே இருந்தது. கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கிறவன் செய்கிற காரியமா இது? அக்கா மானிட்டரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரிமோட் எங்கடா?" என்றாள். இரண்டு நாள் அங்கேயே படுத்துக்கிடந்தேன். ஜெயிலைப் பற்றி யோசித்த நேரம் போக மீதி நேரமெல்லாம், காகிதத்தில் பெயரில்லாத மனிதர் நைசாக நழுவிக்கொண்டார் என்று அண்ணனைத் திட்டினேன்.

மூன்றாம் நாள் அவர் வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு நாளா ஊரெல்லாம் உன்னைத் தேடிக்கினு இருக்கேன். கடையைப் பூட்டிட்டு இங்க இன்னாபா பண்றே?"

நோட்டீஸை நீட்டினேன். போர்டைப் பார்ப்பது போலவே கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். சட்டையை மாட்டச் சொல்லி, சின்ன காஞ்சிபுரத்தில் தான் பெயர்ப் பலகை எழுதிக் கொடுத்திருந்த ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனார்.

வக்கீல் நோட்டீஸைப் படித்துவிட்டு, முதலில் பதிந்தது யார் என்பது மட்டும் இங்கே கணக்கில்லை என்றார். பல வருஷமாக அந்தப் பெயரில் வியாபாரம் செய்கிறவர்கள் அவர்கள். பெயரைப் பார்க்கிற ஜனங்களுக்கு அவர்கள் கடைதான் நினைவுக்கு வரும். அது தெரிந்தேதான் நாங்கள் பதிந்திருக்கிறோம்.

"சல்லிக் காசு கேக்கலையே சார்" என்றார் அண்ணன்.

"வேலை கேட்டிருக்கீங்களே. பேரைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு எதைக் கேட்டாலும் பேரம்தான். அதையும் எழுதி, கையெழுத்துப் போட்டு நீங்களே அனுப்பிட்டீங்க. இதைவிட நல்ல சாட்சி அவங்களுக்கு எங்க கிடைக்கும்?"

தெருவில் அத்தனை கடைகள் ஒரே பெயரில் நடக்கின்றனவே என்று அண்ணன் கேட்கப்போகிறார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. யாரும் இதுவரை வழக்குப் போடவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். எனக்கு அது விளங்கச் சில வருஷங்கள் ஆயின.

பெயரை எதுவும் கேட்காமல் ஒப்படைக்கிறோம், இனி உரிமை கோரமாட்டோம் என்று வக்கீல் ஒரு கடிதம் தயாரித்தார். என் கையெழுத்து போதும் என்றார். அண்ணன் கையை நீட்டித் தடுத்தார்.

"என் பேரையும் எழுதுங்க சார். யோசனை என்னுது. தம்பி பட்டனைத் தட்டுனதோட சரி."

"உங்க பேரே இதுல கிடையாது. நீங்களா ஏன் தலையைக் கொடுக்கிறீங்க? நாளைக்கு அந்தத் தெருவுல எவன் உங்களைக் கூப்பிடுவான்?"

"அது என் பாடு. எழுதுங்க."

எழுதினார். அண்ணன் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் நடந்தது இவ்வளவுதான். பெயர் கடைக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. வழக்கு எதுவும் வரவில்லை. என் சென்டர் அடுத்த வாரமே திறந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது. காந்தி ரோட்டில் அண்ணனுக்கு போர்டு எழுத யாரும் வேலை கொடுக்கவில்லை. ஐயம்பேட்டைப் பக்கம் லாரிகளுக்கு நம்பர் எழுதப் போனார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. நானும் அவரிடம் கேட்டதில்லை.