மீனுக்கு ஏது கால்?

சட்டப்படி தவளை ஒரு மீன். மினாஸ் மலைப்பக்கத்தில் இதைப் பற்றிக் கருத்து வேறுபாடே கிடையாது. மீன்வளத் துறை அப்படித்தான் சொல்கிறது. ஊர்ப் பாதிரியாரும் மறுக்கவில்லை. அதனால்தான் இறைச்சி விலக்கிய புனித வெள்ளியன்று, பக்திமான்கள் வறுத்த தவளைக்காலில் எலுமிச்சை பிழிந்து, மனசாட்சி உறுத்தாமல் சாப்பிட முடிகிறது. தவளைப் பண்ணை வைத்திருந்த ஜுசாராவுக்கு வருஷத்துச் சோறு அந்த ஒரு வாரத்து விற்பனையில்தான்.

அந்த வருஷம் புனித வாரம் நெருங்கும் சமயத்தில் தவளைகள் தீனியைக் கண்டும் துள்ளவில்லை. தூக்கிப் பார்த்தால் தொடையின் உள்பக்கமெல்லாம் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. கால்சிவப்பு நோய், தேங்கிய தண்ணீரில் பெருகும் பாக்டீரியாவின் கைங்கரியம். வைத்தியம் ஒன்றும் ரகசியமில்லை. சீக்குத் தவளையைப் பிரித்து வைக்க வேண்டும், மருந்து கலந்த தீனி போட வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டும். தண்ணீர் ஓடையில் இருந்தது. ஓடைக்கு மதகு இருந்தது. மதகுக்குப் பூட்டு இருந்தது. சாவி மட்டும் போன வறட்சியிலிருந்து மீன்வளத் துறை அலுவலகத்தில் இருந்தது. நோய் என்று அதிகாரி ஒப்புக்கொண்டால்தான் மதகு திறக்கும்.

ஜுசாரா ஒரு தவளையை வாளியில் போட்டு மூடிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினாள்.

அதிகாரியின் பெயர் எவரால்டோ. அந்த ஊரில் டை கட்டியவர் எல்லாரும் டாக்டர் என்பதால் இவரும் டாக்டர். பெண்களுக்கு மரியாதைச் சொல் 'தோனா'.

"என்ன நோய்னு சொன்னீங்க, தோனா ஜுசாரா?"

"கால்சிவப்பு, டாக்டர். தவளைக்கு."

"தவளைன்னு ஒண்ணு எங்க துறையில கிடையாதேம்மா. மீன்தான் இருக்கு."

"சரி, மீனுக்கு."

"மீனுக்கு ஏது கால்?"

ஜுசாரா வாளியைத் திறந்து காட்டினாள். உள்ளே தவளை இரண்டு கால்களையும் நீட்டிப் போட்டபடி கிடந்தது. டாக்டர் அதைக் கருணையோடு பார்த்தார்.

"இது உங்க கண்ணுக்குத் தெரியுது. என் கண்ணுக்கும் தெரியுது. துறைக்குத் தெரியாது."

"அப்ப இது என்ன டாக்டர், மீசையா?"

"கோபப்படாதீங்க. கால் இருக்குன்னு நீங்க பிடிவாதமா இருந்தா, மேல்மாடியில கால்நடைத் துறை இருக்கு."

மேல்மாடிக்காரர் வாளியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நீந்துமா?" என்று மட்டும் கேட்டார். நீந்தும் என்றாள். "அப்ப கீழ போங்க" என்றார்.

கீழே டாக்டருக்கு மனம் இளகியிருந்தது. அவர் அப்போதுதான் தலைநகரில் ஒரு பயிலரங்கை முடித்துவிட்டு வந்திருந்தார். "இப்பல்லாம் நோய்ங்கிற வார்த்தையே நாகரிகம் இல்லம்மா. எல்லாம் மனஅழுத்தம். புல்லாங்குழல் போட்டுக் காட்டுங்க" என்று சொல்லி, அலுவலக ஒலிபெருக்கி ஒன்றை இரவல் கொடுத்தார்.

ஜுசாராவும் போட்டுக் காட்டினாள். சிவந்த கால்கள் சிவந்தபடியே இருந்தன. பல தவளைகள் இசையை ரசித்துக்கொண்டே செத்தன. பக்கத்து நிலத்தில் திலாப்பியா மீன் வளர்க்கும் ஜெனேசியோ வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"கச்சேரி நல்லா இருக்கு, தங்கச்சி. பேசாம என்னை மாதிரி மீன் வளர்த்திருக்கலாம். காலும் இல்ல, கால்ல சீக்கும் இல்ல."

அன்று தொட்டியோரம் உட்கார்ந்து ஜுசாரா அழுதாள். தவளை போனால் பண்ணை போகும், பண்ணை போனால் டவுனில் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கத்தான் போக வேண்டும். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடு யோசனையும் வந்தது. மறுபடி பஸ் ஏறினாள்.

"டாக்டர், எங்க மீனுக்குப் பின்துடுப்பு சிவந்துபோச்சு."

டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பின்துடுப்பா? ரெண்டுமா?"

"ரெண்டும்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? எத்தனை உயிர் அநியாயமாப் போச்சோ. உடனே ஒரு மனு எழுதுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்து உங்களோடதுதான்னு நோட்டரி முத்திரை வாங்கிட்டு வாங்க."

"உங்க கண்ணு முன்னாடிதானே போட்டேன்?"

"நான் பார்த்தேன். துறை பார்க்கலையே."

முத்திரை வந்தது, மருந்துச் சீட்டு வந்தது, மதகும் திறந்தது. ஓடைத் தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்த சத்தத்தைவிட இனிய புல்லாங்குழலை ஜுசாரா கேட்டதில்லை. பிழைத்த தவளைகள் புனித வாரத்துக்குள் சிவப்பு வடிந்து துள்ளத் தொடங்கின.

சந்தைக்குப் போகும்போது பெட்டிகளின்மேல் "தவளைக்கால்" என்று எழுத முடியவில்லை. துறையே இல்லை என்று சொன்ன காலை எப்படி விற்பது? "பின்துடுப்பு" என்று எழுதினாள். தவளை என்றால் முகம் சுளிக்கும் நகரத்துச் சீமாட்டிகள் பின்துடுப்புக்கு வரிசையில் நின்றார்கள். பின்துடுப்பு தின்னாதவர் பட்டிக்காடு என்றானது. டாக்டர் எவரால்டோவும் குடும்பத்தோடு வந்து ஒரு தட்டைக் காலி செய்து, எலும்பையும் உறிஞ்சினார்.

"இவ்வளவு ருசியான மீனை நான் தின்னதே இல்ல" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பின்துடுப்பு நோயைக் கண்டுபிடித்த டாக்டர் சும்மா இருப்பாரா? மாவட்டத்து மீன் பண்ணைகள் அனைத்திலும் பின்துடுப்புகளைப் பரிசோதிக்கச் சுற்றறிக்கை பறந்தது. கொஞ்ச நாளில் ஜெனேசியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜுசாராவின் வாசலில் நின்றார்.

"தங்கச்சி, ஆய்வுக்கு வந்தாங்க. என் மீனுக்கெல்லாம் உன் மீனுக்கு இருக்கிற மாதிரி ரெண்டு பின்துடுப்பைக் காணோமாம். வெட்டி வித்துட்டியான்னு கேக்குறாங்க. மறுபடி வரும்போது காட்டலேன்னா பண்ணைக்குச் சீல் வைப்பாங்களாம்."

"அடடா. அதுக்கு நான் என்ன பண்ணணும் அண்ணே?"

"கொஞ்சம் கால் கொடுத்து உதவணும்."

"காலா? எங்க பண்ணையில கால்னு ஒண்ணு கிடையாதேண்ணே."

"சரி தாயே, பின்துடுப்பு."

"அப்படிச் சொல்லுங்க. எழுதிக் கொடுங்க."

ஜெனேசியோ அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஜுசாரா வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தாள்.

"நோட்டரி முத்திரை வாங்கிட்டு வாங்க."

"உன் கண்ணு முன்னாடிதானேம்மா போட்டேன்?"

"நான் பார்த்தேன்" என்றாள் ஜுசாரா. "பண்ணை பார்க்கலையே."